புகையைத் தின்னும் பெட்டி

நாமக்கல் என்றதும் மூன்று நினைவுக்கு வரும். ஒன்று, கோட்டை அடிவாரத்து ஆஞ்சநேயர். இரண்டு, கோழி முட்டை. மூன்றாவது, லாரி!

சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் வட்டாரத்தில் லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். நாமக்கல் டேங்கர்கள் தென்னாடு முழுவதும் சமையல் கேஸ் கொண்டு போகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாடு வரை சென்று ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகின்றன. பட்டறைகளில் இரவு பகலாக லாரிகளுக்குப் பாடி கட்டுகிறார்கள்.

ஒரு லாரி என்பது வெறும் இரும்பு அல்ல. அதில் மனைவியின் நகை இருக்கிறது. பேங்கு கடன் இருக்கிறது. மகளின் படிப்பு இருக்கிறது. மாதத் தவணை தவறினால் குடும்பமே ஆட்டம் காணும்.

அப்படிப்பட்ட லாரியில் இப்போது ஒரு புதுச் சங்கதி வந்திருக்கிறது. அதைச் சரியாகத் தெரிந்து கொள்ளாமல் பலர் பணத்தை இழக்கிறார்கள். சிலர் உயிருக்கே ஆபத்தைத் தேடிக் கொள்கிறார்கள்.

அது என்ன?

நீல மூடி

புதிய டீசல் லாரிகளில் டீசல் டாங்கி தவிர இன்னொரு சிறிய டாங்கியும் இருக்கும். அதன் மூடி பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும்.

அதில் ஊற்றுவது டீசல் அல்ல. சுத்தமான யூரியாக் கரைசல். 'டி.இ.எப்.' என்று விற்கிறார்கள். டிரைவர்கள் சுருக்கமாக 'யூரியா' என்பார்கள். நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா. மீதி 67.5 பங்கு, உப்பும் தாதுவும் நீக்கிய சுத்தமான தண்ணீர். அவ்வளவுதான்.

இது எதற்கு? எஞ்சினுக்குள் போய் எரிவதற்கா? அல்ல! எஞ்சினிலிருந்து வெளியே வரும் புகையைக் கழுவுவதற்கு.

புகை செய்யும் தீமை

டீசல் புகையில் இரண்டு விஷங்கள் முக்கியமானவை. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் கரித்தூள். மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு என்ற வாயு. இரண்டும் நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்த்மா உள்ள குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் கொடுக்கும்.

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ம் ஆண்டு திட்டவட்டமாக அறிவித்தது.

இந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் யார்? லாரி டிரைவர்! அடுத்து கிளீனர். அதற்கடுத்து பட்டறைத் தொழிலாளி. பிறகு, ரோட்டோரம் குடியிருக்கும் குடும்பங்கள்.

ஆகவே அரசாங்கம் படிப்படியாகக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. பிறகு 'பாரத் ஸ்டேஜ்' என்ற படிகள் வந்தன. 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் பி.எஸ். 6 வண்டிகளை மட்டுமே விற்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிவிட்டது.

வண்டி மாறினால் போதுமா? எண்ணெயும் மாற வேண்டுமே! பி.எஸ். 3 டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். பி.எஸ். 4-ல் அது 50 ஆனது. இப்போதைய டீசலில் 10 பங்குதான்! கந்தகம் குறைந்ததால்தான் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளை வண்டியில் பொருத்த முடிந்தது. கந்தகம் அந்தக் கருவிகளுக்கு எதிரி.

வண்டிக்குள் ஒரு சலவைத் தொழிற்சாலை

சைலன்சர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. அதற்குள் நடப்பது வேடிக்கையானது.

முதலில், புகையில் உள்ள கரித்தூளை ஒரு வடிகட்டி பிடித்து வைக்கிறது. தேன்கூடு போன்ற நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டி அது. கரி நிறைந்ததும் அதைச் சூடாக்கி எரித்துச் சாம்பலாக்குகிறது வண்டி. அப்போது உள்ளே வெப்பம் 600 டிகிரி அளவுக்கு ஏறும்!

அடுத்து, யூரியாக் கரைசல் புகைக்குள் பன்னீர் தெளிப்பது போலத் தெளிக்கப்படுகிறது. சூட்டில் யூரியா அமோனியாவாக மாறுகிறது. அமோனியா, நைட்ரஜன் ஆக்சைடுடன் சேர்கிறது. விஷ வாயு மறைந்து, வெறும் நைட்ரஜனும் நீராவியும் வெளியே வருகின்றன. நைட்ரஜன் காற்றிலே இயற்கையாக இருப்பதுதான். கெடுதல் இல்லை.

நூறு லிட்டர் டீசலுக்கு நாலைந்து லிட்டர் யூரியாக் கரைசல் செலவாகும். அது தீர்ந்தால் முதலில் விளக்கு எரிந்து எச்சரிக்கும். அப்படியும் ஊற்றாவிட்டால் வண்டியின் இழுவையைக் கம்ப்யூட்டரே குறைத்து விடும். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் சுமையோடு வண்டி திணறினால் எப்படி இருக்கும்?

இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2021-ம் ஆண்டு சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. தென்கொரியாவில் இந்தக் கரைசலுக்குப் பெரும் பஞ்சம் வந்தது. ஒரு நாட்டின் சரக்குப் போக்குவரத்தே நின்றுவிடும் போலாயிற்று. கடைசியில் ராணுவ விமானத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிக் கரைசல் கொண்டு வந்தார்கள்!

வயலுக்குப் போடும் யூரியா வேண்டாம்!

"யூரியா தானே? மூட்டை வீட்டிலேயே இருக்கிறதே! தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன?" என்று சிலர் நினைக்கிறார்கள்.

அதுதான் கூடாது! பயிருக்குப் போடும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசப்பட்டிருக்கிறது. வேறு அழுக்குகளும் உண்டு. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் இருக்கின்றன. இந்த வட்டாரத்து நீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பெண்கள் தினமும் பார்க்கிறார்களே! அதே படிவு, தெளிக்கும் ஊசித் துளையை அடைத்து விடும். புகைப் பெட்டியும் பாழாகும். அதைப் புதிதாக மாற்றுவது என்றால், மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவு.

இன்னொன்று. விவசாயிக்காக அரசாங்கம் மானியம் கொடுத்து விற்கும் உரம் அது. அதை வேறு காரியத்துக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம். பயிரின் வாயிலிருந்து பிடுங்கி வண்டிக்கு ஊற்றுவது நியாயமும் அல்ல.

நல்ல கரைசலையும் பக்குவமாக வைக்க வேண்டும். வெயில் பட்டால் சீக்கிரம் கெடும். நிழலில் வைக்க வேண்டும். பித்தளை, செம்புப் பாத்திரங்கள் ஆகா. வந்த பிளாஸ்டிக் கேனிலேயே இருக்கட்டும். டீசல் ஊற்றிய புனலால் இதை ஊற்றக் கூடாது. காஷ்மீர் பக்கம் லோடு போகும் டிரைவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில் இது உறைந்து விடும். உருகியதும் மறுபடி உபயோகிக்கலாம்.

தவறிப்போய் டீசல் டாங்கியில் யூரியாவையோ, யூரியா டாங்கியில் டீசலையோ ஊற்றி விட்டால் என்ன செய்வது? சாவியைத் தொடாதீர்கள்! எஞ்சினை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். ஓட்டி விட்டால் செலவு பெருகும்.

மலிவு எண்ணெயின் விலை

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது பழைய மோசடி. 'பயோ டீசல்' என்ற பெயரில் ஏதேதோ எண்ணெயை விற்பது புதிய மோசடி.

லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். மண்ணெண்ணெய்க்கு வழவழப்புக் குறைவு. டீசல் பம்பு தேய்ந்து போகும். கந்தகம் அதிகம் இருந்தால் புகைப் பெட்டி மெல்ல மெல்லச் சாகும். லாபம் இன்று. நஷ்டம் ஆறு மாதம் கழித்து. அப்போது எண்ணெய் விற்றவன் வந்து நிற்பானா?

பங்குகளில் எண்ணெயின் அடர்த்தியைப் பார்க்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. பெட்ரோலை வடிகட்டிக் காகிதத்தில் சொட்டு விட்டுச் சோதிக்கலாம். காய்ந்த பிறகு கறை தங்கினால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். அளவில் சந்தேகமா? ஐந்து லிட்டர் படியில் அளந்து காட்டச் சொல்லலாம். கேட்பதற்குக் கூச்சம் எதற்கு? பில்லும் வாங்கி வைக்க வேண்டும்.

எஞ்சின் ஆயிலிலும் கவனம் தேவை. கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன ரகத்தையே ஊற்ற வேண்டும். வேறு ரகம் சாம்பல் அதிகம் விட்டு வடிகட்டியை அடைத்து விடும்.

பெட்டியைக் கழற்றலாமா?

"யூரியாச் செலவே இல்லாமல் பண்ணித் தருகிறேன்" என்று சிலர் வருகிறார்கள். கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு சின்னக் கருவியைப் பொருத்துவார்கள். பெட்டியை அறுத்துவிட்டுக் குழாய் வைப்பார்கள்.

வண்டி ஓடும். விஷமும் ஓடும்!

2015-ம் ஆண்டு ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கம்பெனி இதே போன்ற காரியத்தைச் செய்து பிடிபட்டது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும்படி சுமார் ஒரு கோடியே 10 லட்சம் கார்களில் தந்திரம் செய்திருந்தது. உலகமே காறித் துப்பியது. கோடி கோடியாக அபராதம் கட்ட நேர்ந்தது. அவ்வளவு பெரிய கம்பெனியே தப்பவில்லை என்றால், ஒற்றை லாரி முதலாளி எம்மாத்திரம்?

நம் நாட்டுச் சட்டமும் சும்மா இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, புகை விதியை மீறி வண்டி ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வண்டியை விதிக்குப் புறம்பாக மாற்றி அமைக்கும் உரிமையாளருக்குத் தனித் தண்டனை உண்டு.

தீ! ஜாக்கிரதை!

இந்தக் கருவிகள் கடும் சூடானவை. இதை மறந்தால் ஆபத்து.

அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கிராம ரோடுகளில் கொள்ளு, சோளம், எள்ளுச் செடிகளைப் பரப்பி வைக்கிறார்கள். வண்டிகள் ஏறிப் போனால் மணி உதிரும் என்பது கணக்கு. காய்ந்த கொடி வண்டியின் அடியில் சுற்றிக் கொள்கிறது. சூடான குழாயில் பட்டால் தீப்பிடிக்கிறது. தமிழ்நாட்டில் இப்படிக் கார்கள் எரிந்த செய்திகள் வந்ததுண்டு. ரோடு களம் அல்ல. அடியில் ஏதாவது சிக்கினால் உடனே நிறுத்தி, எல்லோரும் இறங்கி விட வேண்டும்.

ஓடி வந்த வண்டியை வைக்கோல் போர் அருகிலோ, காய்ந்த புல்லிலோ நிறுத்தக் கூடாது. கரியை எரிக்கும் விளக்கு எரியும்போது இன்னும் கவனம் வேண்டும். கேஸ் டேங்கர் டிரைவர்கள் இந்த வேலையை ஏற்றுமிடத்திலோ இறக்குமிடத்திலோ செய்யவே கூடாது.

மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குபவனைத் தூக்கத்திலேயே கொன்று விடும். பெட்டி பழுதின்றி இருந்தாலும் இந்த விதிக்கு விலக்கு இல்லை.

பாடி கட்டும் பட்டறைகளுக்கு ஒரு வார்த்தை: வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி விடுங்கள். மின்சாரம் பாய்ந்தால் கம்ப்யூட்டரும் புகை உணரும் கருவிகளும் போய்விடும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு

பெட்ரோல் காரில் யூரியா கிடையாது. ஆனால் அங்கும் ஒரு புகைப் பெட்டி உண்டு. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கின்றன. ரிப்பேருக்கு விட்டால், பெட்டி இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வாருங்கள்!

ஸ்பார்க் பிளக் சரியாக வேலை செய்யாவிட்டால் எரியாத பெட்ரோல் அந்தப் பெட்டிக்குள் போய் எரியும். பெட்டி உருகி விடும். ஆகவே எஞ்சின் விட்டு விட்டு ஓடினால் தள்ளிப் போடாதீர்கள். பெட்ரோல் சுத்தமாகத் தீரும் வரை ஓட்டுவதும், வண்டியை நெடுநேரம் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல்வதும் கூடாது.

இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். டாங்கி மூடியை இறுக மூட வேண்டும். எந்த ரகம் வரை ஊற்றலாம் என்பதைக் கம்பெனிப் புத்தகத்தில் பார்த்துக் கொள்ள வேண்டும்.

யாருக்குக் கடமை?

டிரைவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

டீசலில் மிச்சம் பிடித்தால்தான் படி என்று முதலாளி சொன்னால், டிரைவர் மலிவு எண்ணெயைத் தேடத்தான் செய்வார். ஆகவே முதலாளி முதலில் திருந்த வேண்டும்.

கம்பெனிகள் லட்சக்கணக்கில் விலை வாங்குகின்றன. பராமரிப்புப் புத்தகத்தை டிரைவருக்குப் புரியும் தமிழில் கொடுத்தால் என்ன? விளக்கு எரிந்தால் என்ன பொருள் என்று ஓர் அட்டையில் படம் போட்டுத் தொங்க விட்டால் என்ன?

பட்டறை மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்கள். கைப்பழக்கத்தாலேயே எஞ்சினைப் பிரித்து மாட்டுபவர்கள். ஆனால் இந்தப் புதிய கருவிகளைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் அவர்களுக்கு மாலை வகுப்பு நடத்த அரசாங்கம் முன்வர வேண்டும். புகைச் சான்றிதழ், பணம் கொடுத்தால் கிடைக்கும் துண்டுச் சீட்டாக இருக்கக் கூடாது. கலப்படக்காரனைப் பிடிக்க வேண்டும். வாங்கி ஏமாந்தவனை மட்டும் பிடித்தால் போதாது.

புகைப் பெட்டிக்கு ஆகும் செலவு தண்டச் செலவு அல்ல. எஞ்சின் ஆயுளுக்கும், டிரைவரின் நெஞ்சுக்கும், ரோட்டோரத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் கட்டும் காப்பு அது.

வண்டிக்கு நல்ல எண்ணெய் ஊற்றுங்கள். நீல மூடிக்குள் நல்ல கரைசலை ஊற்றுங்கள். விளக்கு எரிந்தால் அன்றே கவனியுங்கள்.

உழைக்கும் வண்டி நீண்ட நாள் உழைக்கும். ஓட்டுபவரும் நீண்ட நாள் வாழ்வார்.