உழவன் கணக்கில் முதலும் வரவும்

பயிர்த்தொழில் செய்வோருக்குத் தம் வாழ்வைக் குறித்து அமர்ந்து சிந்திக்க அவகாசம் கிடைப்பது, அறுவடை முடிந்து அடுத்த உழவு தொடங்கும் வரையுள்ள சில நாட்களிலேயாம். அந்நாட்களிலும் நம்மவர் களத்து வரவையும் கடன் பாக்கியையும் கணக்கிடுவரேயன்றி, தாம் செய்யும் தொழில் தம்மை எத்தகைய மனிதராக்கி வருகின்றது என்று பார்ப்பதில்லை. பார்க்கவேண்டும் என்பது எமது கருத்து. அதற்குத் துணையாகத்தக்க ஒருவர் தமது கடைசி ஆண்டுகளை நம் மதுரைச் சீமையிலேயே கழித்தார்.

ஜே. சி. குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரிலே பிறந்தவர். லண்டன் மாநகரில் கணக்காய்வுத் தொழிலைப் பயின்று, பம்பாயிலே அத்தொழிலை நடத்திச் செல்வாக்குடன் வாழ்ந்தவர். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் கற்றார். இந்தியாவின் அரசாங்க வரி வருமானம் எவ்வாறு செலவாகின்றது, அதனால் ஜனங்கள் ஏழைகளாவது எப்படி என்பதே அங்கு அவர் ஆராய்ந்த விஷயம். 1929-ஆம் ஆண்டில் காந்தியடிகளைச் சந்தித்த பிறகு சீமை உடையைக் களைந்து கதர் உடுத்தார். 1934-ஆம் ஆண்டில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பை வார்தாவிலிருந்து பல ஆண்டுகள் நடத்தினார். உடல் தளர்ந்த காலத்தில் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தை வாழுமிடமாகக் கொண்டார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவரும் மறைந்தார். தல்லாகுளத்திலிருந்து தெற்கே புறப்பட்டால் ஒரு பொழுதுக்குள் போய்த் திரும்பக்கூடிய ஊர் கல்லுப்பட்டி. ஆயினும் அவர் பெயரை அறிந்த குடியானவர் நம்மில் எத்தனை பேர்?

கணக்கர் ஒருவருக்கு முதலாவதாகக் கற்பிக்கப்படுவது, முதல் வேறு வரவு வேறு என்பது. முதலைத் தின்று கொண்டே வரவு வந்ததாக எழுதுகிறவன் கணக்கனல்லன், ஏமாற்றுக்காரன். குமரப்பா இப்பாடத்தைக் கடையிலிருந்து காட்டிற்கும் கழனிக்கும் கொண்டு வந்தார். நிலத்தடியில் கிடக்கும் கரி, எண்ணெய், உலோகம் முதலியவை சேர்த்து வைத்த இருப்பு. எடுத்தால் குறையும், மீண்டும் நிறையா. மழை, வெயில், மரம், கால்நடை, எரு ஆகியவை ஓடிக்கொண்டிருக்கும் வரவு. அளவறிந்து கொள்வோருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும். மனிதன் தன் வாழ்வை வரவின்மேல் அமைத்தால் அது நிலைக்கும், இருப்பின்மேல் அமைத்தால் சண்டையில் முடியும் என்பது அவர் துணிபு. அவர் இதனை விரித்தெழுதிய நூல், சிறையிலிருந்த காலத்தில் எழுதப்பெற்று 1945-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இனி நமது கணக்கைப் பார்ப்போம். மதுரைச் சமவெளியின் பெரும்பகுதி, மேலே கொஞ்சம் மண்ணும் கீழே கடினப் பாறையுமாக உள்ள நிலம். மழை ஜலம் மேல்மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் தங்கும். கண்மாயில் ஜலம் நின்றால் சுற்றிலுமுள்ள கிணறுகள் ஊறும். கமலை இறைத்த நாளில் ஓர் உழவன் எடுக்கக்கூடிய தண்ணீர், ஒரு ஜோடி மாடு இழுக்கக்கூடிய தண்ணீரே. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். அதற்குள் ஊற்றும் மீளும். மோட்டாருக்குக் களைப்பில்லை. 1990-ஆம் ஆண்டு முதல் பயிர்த்தொழிலுக்கு மின்சாரம் இலவசமான பிறகு அதனை நிறுத்தச் சொல்லும் செலவுக் கணக்கும் இல்லை. நான் இலவச மின்சாரத்தைக் குறை கூற வரவில்லை. அது சிறு குடியானவனுக்கு உயிர்நிலை. ஆனால் இலவசமாயிருப்பது மின்சாரந்தானேயன்றித் தண்ணீரன்று. பக்கத்து நிலத்துக்காரர் எண்ணூறு அடி தோண்டினால் நாம் ஆயிரம் தோண்டுவது என்று போவது, இருவரும் ஒரே பெட்டியிலிருந்து முதலை எடுத்துப் போட்டியாகச் செலவு செய்வதாகும். அப்படி விளைந்த வாழையும் கரும்பும் வரவுப் பத்தியில் ஏறுகின்றன; வற்றிய ஊற்று எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை.

நிற்க. உண்மையான உழைப்பு எது என்பதைக் குறித்தும் குமரப்பா ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். இயற்கையில் உயிர்கள் பிழைக்கும் முறைகளை அவர் ஐந்தாகப் பிரித்தார். பிறிதொன்றை உறிஞ்சி அதனைச் சாகச் செய்து வாழ்வது ஒன்று. தான் நடாத தோப்பில் புகுந்து பழத்தைத் தின்று போகும் குரங்கைப் போல வாழ்வது ஒன்று. எடுப்பதற்கு ஈடாக ஒன்றைக் கொடுத்து, தேனெடுக்கும்போதே பூவைக் காய்க்கச் செய்யும் தேனீயைப் போல வாழ்வது ஒன்று. அத்தேனீக்களே கூட்டமாகச் சேர்ந்து கூட்டின் நன்மைக்காக உழைப்பது ஒன்று. கூலி எதிர்பாராது குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவையின் வாழ்வு ஒன்று. ஒரே மனிதன் காலையில் தேனீயாகவும் இரவில் குரங்காகவும் இருக்கக்கூடும் என்பதை அவர் எழுதினாரோ இல்லையோ, மடைப்பக்கம் இரவில் நடந்தவர்கள் அறிவார்கள்.

மடையைச் சொன்னதால் பெரியாற்றுப் பாசனத்தைச் சொல்லாமல் தீராது. கள்ளந்திரி வரையுள்ள இருபோக ஆயக்கட்டு 45,041 ஏக்கர். அதற்கப்பால் மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கரும், திருமங்கலம் பகுதியில் 19,439 ஏக்கரும் ஒருபோகம். தலைமடைக்காரருக்கு இரண்டு போகம். கடைமடைக்காரருக்கு ஒன்று, அதுவும் அணையில் போதிய இருப்பிருந்து, வழியில் எவரும் கையாடாதிருந்தால். கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில், மேலேயுள்ள ஒருவர் தம் முறை முடிந்த பின்னும் பலகையை நான்கு விரற்கடை தூக்கி வைத்துவிட்டு உறங்கப்போனால், அவர் வயலில் விடிந்தபின் அது ஒரு விஷயமாகவே தெரியாது. வரப்பு வழிந்து வடிகாலில் போயிருக்கும். கடைமடையில் கதிர் பால்பிடிக்கும் தருணத்தில் ஒரு நனைப்புக் குறையும். நெல் பாதி பதராகும். களவு என்று எந்த ரிஜிஸ்தரிலும் எழுதப்படாத களவு இது. அதைச் செய்பவர் ஊரில் மரியாதைக்குரியவராகவும் கோயில் காரியங்களில் முன்னிற்பவராகவும் இருக்கக் காண்கிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நீர்பாய்ச்சியை வைத்துப் பார்க்கலாம். மடையைத் திறந்து மூடுவதும், கரையில் எலிவளை, நண்டுவளை கண்டால் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு என்று அளந்து விடுவதும் அவர் வேலை. சொந்த நிலம் இல்லாதவரை அவ்வேலைக்கு வைப்பது பல ஊர்களில் வழக்கம். தம் வயலுக்குத் திருப்பிக்கொள்ள அவருக்கு வயலே இல்லை யல்லவா? களத்தில் கொடுக்கும் சில மரக்கால் நெல்லே அவர் ஊதியம். பெருமழை பெய்யும் இரவில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்ளும்போது, மண்வெட்டியும் கையுமாகக் கரைமேல் நடப்பவர் அவர் ஒருவரே. இவ்வேலைக்கு இளைஞர் இப்பொழுது முன்வருவதில்லை என்று குறைப்படுகிறவர்கள், அவருக்கு அளந்த நெல் எத்தனை, அவரை எந்த வார்த்தையால் அழைத்தோம் என்பதையும் நினைத்துப் பார்ப்பது நல்லது.

பெரியாற்று அணையும் இத்தகைய பெயரில்லா உழைப்பின்மேல் நிற்பதுதான். தல்லாகுளத்துப் பொதுப்பணித் துறை வளாகத்தில் கர்னல் பென்னிகுவிக்கின் சிலை இருக்கிறது, இருக்கவேண்டியதும் நியாயமே. 1887-ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டும் மறுபடி மறுபடி எழுந்து, 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி திறக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் நதியை மலைக்குள் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பிய காரியம் அது. ஆனால் சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்த கைகளும், காட்டுக் காய்ச்சலில் மடிந்த கூலியாட்களும் எத்தனை! கலவையை ஒரு கூடை குறைத்து ஏமாற்றியிருந்தால் அன்றைக்கு யாருக்கும் தெரிந்திராது. உச்சநீதிமன்றம் 2014-ஆம் ஆண்டில் 142 அடி வரை ஜலம் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தபோது, நூறாண்டு கடந்த அந்தக் கலவையின் நேர்மைக்கும் சேர்த்தே அது சாட்சியாயிற்று என்று நான் எண்ணுவதுண்டு.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இவ்விஷயத்தில் ஒரு வார்த்தை. மணியம், கர்ணம் என்ற பரம்பரை உத்தியோகங்கள் 1980-ஆம் ஆண்டில் நீங்கி, கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. பெயரும் நியமன முறையும் மாறினவேயொழிய, அடங்கலின் கனம் மாறவில்லை. வயலை நேரிற் காணாமல் சென்ற ஆண்டுப் பயிரையே இவ்வாண்டும் எழுதுவது சுலபம். ஆனால் வறட்சியாலோ வெள்ளத்தாலோ பயிர் அழிந்து, இன்ஷூரன்ஸும் நிவாரணமும் வரும் சமயத்தில், குத்தகைக்கு உழுதவன் கையில் இருப்பது அந்த ஒரு வரிதான். உளுந்து விதைத்தவன் நிலத்தில் தரிசு என்று எழுதியிருந்தால், அவன் யாரிடம் போய் அழுவது? ஒரு மைல் வெயிலில் நடப்பதற்கும் நடக்காதிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோறாகிவிடுகிறது.

சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளத்தில் எதிர்சேவை கண்டு, மறுநாள் அழகர் வைகையில் இறங்குகையில் பச்சைப் பட்டு உடுத்திவந்தால் நாடு செழிக்கும் என்று நம் குடியானவர்கள் நம்புவர். அந்நம்பிக்கையைப் பழிக்க எனக்கு மனமில்லை. லக்ஷக்கணக்கான ஜனங்கள் மழையையும் பயிரையும் ஒரே மூச்சில் நினைக்கும் நாள் வேறு ஏது? ஆயினும் பல ஆண்டுகளில் அவர் இறங்குவதற்கே 1959-ஆம் ஆண்டில் கட்டி முடித்த வைகை அணையிலிருந்து தண்ணீர் விடவேண்டியிருக்கிறது. பட்டின் நிறத்தைப் பார்த்துத் திரும்புகிறவர்கள், ஊருக்குப் போனபின் தங்கள் கண்மாயின் உட்புறத்தையும் பார்ப்பார்களாக. அங்கேயும் பச்சைதான், ஆனால் சீமைக் கருவேலத்தின் பச்சை.

குடிமராமத்து என்பது ஊரார் கூடித் தம் கண்மாயைத் தாமே செப்பனிடுவது. ஊரார் தாமாகச் செய்துவந்ததைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த 1858-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 2017-ஆம் ஆண்டில் அரசாங்கம் பணம் ஒதுக்கி அப்பெயரை மீட்டெடுத்தது. இரண்டுக்கும் நடுவில் கரைந்து போனது ஊரார் மனம் ஒன்றே. வண்டல் மண்ணையேனும் நாம் நமதென்று கொள்ளலாம். மலையும் காடும் மேய்ச்சல் நிலமும் ஆண்டுதோறும் அனுப்பும் வரவு அது. கோடையில் வண்டியிலேற்றி வயலில் கொட்டினால் நிலமும் கண்மாயும் ஒருங்கே பயனடையும். 2024-ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியரே இதற்கு அனுமதி வழங்கலாம். முன்போல் ஜில்லாத் தலைநகருக்கு அலையவேண்டியதில்லை.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் மடைப் பலகைகளை எடுத்துப் பார்க்கவும், வரத்துக்கால் முழுவதையும் ஒருமுறை நடந்து வரவும் இரண்டு நாட்கள் போதும். ஆயக்கட்டுக்காரர்களும் நீர்பாய்ச்சியும் கிராம நிர்வாக அலுவலரும் சேர்ந்தே நடப்பது உத்தமம். புலப்படத்தைக் கையில் கொண்டு சென்றால், வாய்க்காலின் அகலம் எவ்வளவு, எவர் வரப்பு உள்ளே வந்திருக்கிறது என்ற தகராறு ஆவணி, புரட்டாசியிலேயே தீரும். கடைமடைக்காரர் ஒருவரையாவது தவறாமல் அழைத்துச் செல்க. அடைப்பு எங்கே இருக்கிறதென்பது அவருக்குத்தான் நன்கு தெரியும்.