நகைக்கடையில் வேலை: விற்கத் தெரிந்தால் மட்டும் போதுமா?

2025 அக்டோபரில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை முதன்முறையாக 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. விலை ஏற ஏற, சிராங்கூன் ரோட்டிலும் சரி, ஆர்ச்சர்ட் ரோட்டிலும் சரி, வாடிக்கையாளர்கள் யோசித்துத்தான் வாங்குவார்கள்.

"செய்கூலி ஏன் இவ்ளோ?" என்று கேட்டால் உங்களுக்குப் பதில் தெரியணும்.

எதையெல்லாம் கற்றுக்கொள்ளலாம்?

- தங்கம்: 916 என்றால் 22 காரட். அதில் 91.6 விழுக்காடு தங்கம். நகைக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரி உண்டு. குறைந்தது 99.5 விழுக்காடு தூய்மையான முதலீட்டுத் தங்கக் கட்டிக்கு இல்லை.

- வைரம்: எடை, நிறம், தெளிவு, வெட்டு. இந்த நான்கும்தான் விலையைத் தீர்மானிக்கும்.

- சட்டம்: 2019இல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் கொடுப்பவரின் அடையாளத்தைக் கடை சரிபார்க்கணும், அறிக்கையும் தாக்கல் செய்யணும். "தெரிஞ்சவர்தானே" என்று விட்டுவிட முடியாது.

அம்மாவுக்குச் சேதாரத்தைத் தமிழிலும் மகளுக்கு வைரச் சான்றிதழை ஆங்கிலத்திலும் விளக்க முடியுமா? அதுவே உங்கள் பலம்.

ஆனால் வேலையில் சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு? விற்பனை மந்தமான மாதத்தில் கைக்கு வருவது எவ்வளவு என்பது அதில்தான் இருக்கு.