7 பேர்ச் சரி, பாதை யாருடையது?

7 பேர்ச் காணி, கையில் உறுதி, மேடையில் கைதட்டல். நல்ல விசயம்தான், வேணாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு எந்த வழியால் போவது?

தோட்டக் காணி பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம். 1992 முதல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம். 7 பேர்ச்சைச் சுற்றியுள்ள ரோடு, குறுக்குப்பாதை, தண்ணிக்குழாய் எல்லாம் அவர்களின் குத்தகைக்குள்தான்.

வேறு ஊரென்றால், இன்னொருவர் காணி ஊடாக யார் தயவும் இல்லாமல் 10 வருடம் தடையின்றி நடந்தவர் வழியுரிமை கோரலாம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அரசுக்கு எதிராக மட்டும் அது செல்லாது. அதனால் நாலு தலைமுறை நடந்து தேய்ந்த பாதையும் நமக்கு உரிமை இல்லை, தோட்டத்துரையின் தயவு.

தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவழிக்கத் தடையாக நின்ற 1987 சட்டத்தின் 33 ஆம் பிரிவைத் திருத்தவே 2018 வரை போராட வேண்டியிருந்தது. உறுதியில் விடுபட்டதைப் பிறகு சேர்ப்பதும் லேசில் நடக்காது.

ஆகவே கையெழுத்துக்கு முன்னமே கேட்போம்: பாதையும் அதன் அகலமும், குழாயும், கானும் நில அளவைப் படத்தில் இருக்கிறதா? உறுதியில் எழுதியிருக்கிறதா? கம்பனி அதை ஏற்று ஒப்பமிட்டிருக்கிறதா?

யாரோ கேட்டைப் பூட்டினால் போக முடியாத வீட்டை எப்படிச் சொந்த வீடென்று சொல்வது?