பதிவேட்டில் ஒரு பெயர்

சகோதரிகளே, கொல்லிமலையின் 14 நாடுகளில் எங்கள் திருப்புலி நாடும் ஒன்று. ஜூன் பிறந்தால், "பிள்ளைய இந்த வருஷமே சேர்க்கணுமா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாமா?" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழும். ஐந்து வயது நிரம்பிவிட்டதா? தள்ளிப் போடாதீர்கள்!

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. ஐந்து வகுப்பை இரண்டு பேர் சமாளிப்பது லேசா? வெளியூர் வேலைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போனால், அதன் படிப்போடு மற்றப் பிள்ளைகளின் ஆசிரியரும் குறையக்கூடும். பாட்டியிடமோ, அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலோ விட்டுப் போகலாமே.

"பிறப்புச் சான்றிதழ் இல்லையே" என்று தயங்க வேண்டாம். அதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். சாப்பாட்டுக் கவலையும் வேண்டாம்: 1982 முதல் மதியம் சத்துணவு, 2023 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி.

இன்னொன்று: தம்பியைப் பார்த்துக்கொள்ள என்று பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். தம்பிக்கு அங்கன்வாடி, அக்காவுக்குப் பள்ளிக்கூடம். இருவரும் கிளம்பட்டும்!