புதிய கிராணிகள்

அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பில் மூத்த எழுத்தாளர் ஒருவர் இளைஞர்களைப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்கெல்லாம் எழுத என்ன இருக்கு? ஏசி ரூம்ல உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டுறீங்க. நாங்க தோட்டத்துல பட்ட கஷ்டத்தை எழுதினோம்." கூட்டம் தலையாட்டியது. நானும் ஆட்டினேன். எல்ஆர்டியில் வீடு திரும்பும்போதுதான் கோபம் வந்தது.

கோலாலம்பூரில் 23 பேர் கொண்ட ஒரு ஸ்டார்ட்அப்பில் இரண்டு வருடம் ஆபீஸ் மேனேஜராக இருந்தேன். கூடவே முதலாளிக்கு எக்செகியூட்டிவ் அசிஸ்டென்ட். ஒரே சம்பளத்துக்கு இரண்டு பதவி. முதலாளியின் நாட்காட்டி, விமான டிக்கெட், அவருடைய அம்மாவின் பிறந்தநாள் கேக், பேன்ட்ரியில் தீர்ந்துபோன மைலோ, அடைத்துக்கொண்ட கழிப்பறை, 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய இபிஎஃப், சொக்சோ. யாருக்கும் சேராத வேலை எல்லாம் என் மேசைக்கு வரும்.

வேலை கிடைத்த அன்று பாட்டியிடம் விளக்கினேன். மரம் சீவிய பாட்டி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கிராணி வேலையா ஆயா?" என்றார். பேத்தி கிராணி ஆகிவிட்டாள் என்று அவருக்குப் பெருமை. எனக்குச் சிரிப்பு.

இப்போது சிரிக்க முடியவில்லை. பாட்டி சொன்னதுதான் சரியான விளக்கம். கிராணி துரையும் இல்லை, தொழிலாளியும் இல்லை. செக்ரோல் அவன் கையில். யார் வந்தது, யாருக்கு எவ்வளவு என்று எழுதுவது அவன். துரை எடுத்த முடிவைத் தன் வாயால் போய்ச் சொல்வதும் அவன்தான்.

என் சம்பளக் கதையைக் கேளுங்கள். நேர்காணலில் நான் கேட்டது 3,800 வெள்ளி. முதலாளி சிரித்துக்கொண்டே 4,100 கொடுத்தார். "மேனேஜர் ஆச்சே!" அன்றைக்கு மயங்கித்தான் போனேன். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தங்களின்படி, மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போனால் ஓவர்டைம் கேட்கும் சட்ட உரிமை இல்லை. உடலுழைப்பு போன்ற சில வேலைகள் விதிவிலக்கு. இது எனக்கு அப்போது தெரியாது. 3,800ஐ 26 நாளால் வகுத்து, 8 மணி நேரத்தால் வகுத்து, ஒன்றரை மடங்காக்கினால் மணிக்கு ஏறக்குறைய 27 வெள்ளி 40 காசு வரும். எனக்குக் கிடைத்த கூடுதல் 300 வெள்ளி 11 மணி நேர ஓவர்டைமுக்குச் சமம். அதை மாதத்தின் முதல் வாரத்திலேயே செய்து முடித்துவிடுவேன். மீதி மூன்று வாரம் இலவசம்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று சொல்லிவிட்டார்களே! குடும்பத்தில் யாராவது மணிக்கணக்கு பார்ப்பார்களா? இந்தச் சொல் நமக்குப் புதிதில்லை. கங்காணியும் தன் ஊருக்குப் போய், தன் சொந்தக்காரர்களிடம்தான் ஆள் பிடித்தான். மாமன், மச்சான் என்றுதான் கப்பலேற்றினான். அந்த ஆள்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. 1938இல் அந்த முறை முடிந்தது. உறவுமுறை சொல்லி வேலை வாங்குவது முடியவில்லை.

என் பாட்டி அட்டைக் கடியோடு விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றவர். நான் ஏசியில் இருந்தேன். பிடிக்காவிட்டால் ராஜினாமா செய்யலாம். இரண்டு கஷ்டமும் ஒன்று என்று சொன்னால் நான் பொய்க்காரி. கஷ்டம் வேறு. கணக்கு எழுதும் முறை அதேதான்.

இரண்டாவது வருடம் முதலீட்டுப் பணம் வரத் தாமதமானது. சம்பளத்தில் தொழிலாளியின் 11 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டோம். ஆனால் இபிஎஃப்பில் கட்டவில்லை. "ரெண்டு மாசம்தான். நீ நம்ம ஆளு, புரிஞ்சுக்கோ" என்றார் முதலாளி. சம்பளச் சீட்டில் பிடித்தம் அழகாக அச்சாகியிருந்தது. அச்சிட்டது நான்.

ஒருநாள் தம்பி ஒருவன் என் மேசைக்கு வந்தான். வீட்டுக் கடனுக்காக வங்கி இபிஎஃப் கணக்கறிக்கை கேட்டிருக்கிறது. இரண்டு மாதம் காலி. "அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

"அக்கவுண்டன்ட்டைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். எனக்குத் தெரியும். அவன் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டான். நான் குடும்பத்தைக் காப்பாற்றினேன், அவனுடைய குடும்பத்தை அல்ல. மூன்றாவது மாதம் பணம் கட்டப்பட்டது. நான் வேலையை விட்டேன். அவனிடம் உண்மையைச் சொல்லாமலேயே விட்டேன்.

இப்போது அந்த மூத்த எழுத்தாளருக்கு வருகிறேன். ஐயா, எழுத என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். இதோ இருக்கிறது. நம் தோட்டக் கதைகள் பலவற்றில் கிராணி வில்லனாக வருகிறான். அழுவது நம் ஆள், அழவைப்பது அவன். அந்தக் கதைகளை எழுதிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று எச்ஆர், அட்மின், ஆபீஸ் மேனேஜர் என்று செக்ரோலைக் கையில் வைத்திருக்கிறோம். தோட்டத்தை எழுதும்போது நாம் பாதிக்கப்பட்டவர் பக்கம் சுகமாக நின்றுகொள்ளலாம். பாட்டியின் கண்ணீருக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆபீஸை எழுதினால் தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் யாரும் எழுதுவதில்லை என்று சந்தேகப்படுகிறேன். அனுபவம் இல்லாமல் இல்லை.

என் வயதுக்காரர்களே, இன்னொரு பால்மரக் கதையைத் தொடங்குவதற்கு முன் கைப்பேசியில் உங்கள் இபிஎஃப் கணக்கைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாதமும் பணம் ஏறியிருக்கிறதா? இல்லையென்றால் இபிஎஃப் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுங்கள். ஏறியிருந்தால், உங்கள் ஆபீஸில் யார் மேசையில் அந்தக் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். அந்த மேசை உங்களுடையது என்றால், கதையை அங்கிருந்து தொடங்குங்கள்.