கல்லாவுக்கும் தராசுக்கும் சேர்த்தே ஒரு பாடம்



செயற்கை நுண்ணறிவு என்பது பெரிய நிறுவனங்களின் சமாச்சாரம் என்ற காலம் போய்விட்டது. 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்த பிறகு, கைபேசியில் தமிழில் கேட்டாலே கொள்முதல் பட்டியல் போட்டுத் தரும் கருவிகள் நம் கடைப்படி ஏறிவிட்டன. இதைக் கடையில் யார் கற்பது? கல்லாவில் இருக்கும் முதலாளியா, தராசு பிடிக்கும் சிப்பந்தியா? இருவரும் ஒன்றாக அமர்ந்து கற்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டார வியாபாரிகளுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். நம் வியாபாரம் ஆலைகளை நம்பியது. ஷிப்டு மாறினால் கூட்டம் மாறும். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் பண்டிகைக்கு ஊர் போனால் கடுகு எண்ணெய் தேங்கும். 2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. பழைய விற்பனையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடும் கருவி, அந்த மாதமும் அதே மூட்டைகளை வாங்கச் சொல்லியிருக்கும். நோக்கியா செய்தியாவது பத்திரிகையில் வந்தது. ஓர் உதிரிபாக ஆலை ஒரு ஷிப்டைக் குறைத்தால் அது எதிலும் வராது. பற்று வைத்து வாங்குபவர் சொல்லி, முதலில் சிப்பந்தியின் காதில்தான் விழும்.

வரி விஷயமும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பற்பசை, தலை எண்ணெய்க்கு 18-லிருந்து 5 ஆனது. பழைய தகவல்களைப் படித்துத் தேறிய கருவி, பழைய விகிதத்தையே அடித்துச் சொல்லக்கூடும். அப்போது "அண்ணாச்சி, இது தப்பு" என்று சொல்லும் துணிவு சிப்பந்திக்கு வேண்டும். கேட்கும் பொறுமை முதலாளிக்கு வேண்டும்.

ஜப்பானில் டொயோடா குடும்பத்தார் 1924-ல் செய்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பிற்பாடு அவர்களுடைய கார் ஆலையில், கோளாறு கண்ட தொழிலாளி எவரும் உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற முறை வந்தது. அந்த உரிமை நம் கடைப் பையனுக்கும் இருக்கட்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. முதல் மாதம் ஒரே ஒரு வேலையை, உதாரணமாக இருப்புப் பட்டியலை, கருவியிடம் கொடுங்கள். வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் இருவரும் சரிபாருங்கள். கருவி செய்த தவறுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், கடன் பாக்கி ஆகியவற்றை அதில் ஏற்றாதீர்கள்; நம்பிக் கடன் சொன்னவரின் கணக்கு நம்மோடு இருக்க வேண்டியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, "இதனால் உன் வேலை போகாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். ஆளைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைக்கும் சிப்பந்தி, தனக்குத் தெரிந்ததைச் சொல்ல மாட்டார். அவர் சொல்லாவிட்டால் கருவியும் நமக்குப் பயன்படாது. மிச்சமாகும் நேரத்தில் வீடுகளுக்குச் சரக்கு கொண்டுபோய்க் கொடுத்தால், விரைவு விநியோக நிறுவனங்களிடம் இழந்த வாடிக்கையில் ஒரு பகுதியாவது திரும்பும்.

நமது சங்கங்கள் இதற்கு வகுப்பு நடத்த முன்வர வேண்டும். அதற்கான அழைப்பு முதலாளிக்கு மட்டும் போகாமல், கடைக்கு இரண்டு பேர் என்று போகட்டும்.