தொட்டி கழுவிய தேதி

2021 டிசம்பர் மூன்றாம் வாரம். சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் வண்டிகள் பல மணி நேரம் நகரவில்லை. சாலையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்ப்பவர்கள். சம்பள உயர்வோ போனஸோ அவர்கள் கேட்கவில்லை. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் தோழிகள் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதை யாராவது சொல்ல வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தண்ணீர் வராத கழிப்பறை. தரையில் படுக்கை. எலி நடமாடும் சமையலறை, சரியாக வடியாத சாக்கடை. ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மறுபடி திறந்தது 2022 ஜனவரி 12-ல். மயிரிழை பிசகாமல் போன் செய்யும் ஓர் ஆலையை ஒரு சமையலறை கிட்டத்தட்ட நான்கு வாரம் நிறுத்தி வைத்துவிட்டது.

தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, மின்சாரம், லிஃப்ட், தீயணைப்பு, குப்பை, பூச்சி மருந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது: ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட், சுருக்கமாக எஃப்.எம். (எஃப்.எம். என்றால் ரேடியோ என்று நினைக்கும் வீடுகள்தான் இன்னும் அதிகம்.) அமெரிக்காவில் 1980-ல் இதற்கென்று ஒரு சங்கமே தொடங்கிவிட்டார்கள். 2018-ல் ஐ.எஸ்.ஓ. 41001 என்ற உலகத் தரநிலையும் வந்தது. ஆனால் இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை இந்த வேலையைச் செய்பவர்களைக் கேட்டால், 'ஹவுஸ்கீப்பிங்ல இருக்கேன்' என்பார்கள். அதையும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

2024 ஆகஸ்ட் 17-ல் வல்லம் வடகாலில் ஒரு பெரிய தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. சிப்காட் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டியது. 13 கட்டடங்கள், ஒவ்வொன்றும் பத்து மாடி, கட்டடத்துக்கு 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். பெருக்கிப் பார்த்தால் 18,720 பெண்கள். ஒரு சின்ன ஊரே பதின்மூன்று கட்டடத்துக்குள் வந்துவிடுகிறது. 2021-ல் நடந்ததற்கு அரசு சொன்ன நல்ல பதில் இது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் கட்டுவது ஒருமுறை வேலை. நடத்துவது தினசரி வேலை. விடுதியில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியாவில் வழக்கமான கணக்கு. 18,720 பேருக்கு 25 லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. 12,000 லிட்டர் டேங்கரில் அளந்தால் ஒரு நாளைக்கு 210 லோடு. உள்ளே போன தண்ணீரில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியே வரவும் வேண்டும். ஷிப்ட் முடிந்து ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் குழாயைத் திறக்கும்போது மேல்மாடியில் தண்ணீர் நின்றால், எந்த வால்வைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அதை எங்கே படித்தார்?

பெரும்பாலான இடங்களில் எங்கேயும் படிப்பதில்லை. முதல் நாள் யூனிஃபார்ம், ஒரு மாப், ஒரு வாளி. பழைய ஆள் செய்வதைப் பார்த்துப் புது ஆள் செய்வார். பழைய ஆள் தப்பாகச் செய்தால் அந்தத் தப்பும் அப்படியே கைமாறும்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் 'நல்லா வெளுக்கும்' என்பது அப்படிக் கைமாறி வந்த ஒரு பாடம். கலந்தால் வருவது குளோரின் வாயு. மூடிய கழிப்பறைக்குள் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, சமையலறைக்குப் பச்சை, மற்ற இடங்களுக்கு நீலம் என்று நிறம் பிரித்து வைப்பது விளையாட்டல்ல. ஒரே துணி இரண்டு இடத்துக்கும் போனால் கழிப்பறைக் கிருமி சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேரும்.

சாதத்துக்கும் ஒரு பாடம் உண்டு. அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வடித்த சாதத்தை அண்டாவில் மூடி, அடுத்த ஷிப்ட் வரும்வரை அப்படியே வைத்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. சூடான உணவு 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும். வீட்டில் நான்கு பேருக்குச் சமைக்கும்போது இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆயிரம் பேர் சமையலில் தெர்மாமீட்டரும் ஒரு பாத்திரம்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 25 பேர் உணவைக் கையாளும் இடத்தில் பயிற்சி பெற்ற ஒரு மேற்பார்வையாளராவது இருக்க வேண்டும் என்கிறது. சான்றிதழ் சுவரில் தொங்கினால் போதாது, அவர் அந்த ஷிப்டில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

எல்லாவற்றிலும் கொடியது கழிவுநீர்த் தொட்டி. 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தனியார் விடுதியின் தொட்டியில் மூன்று பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்ற சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். 'இப்ப நாத்தம் இல்லை, இறங்கலாம்' என்று தோன்றும் நேரம்தான் உயிர் போகிற நேரம். முதலில் இறங்கியவர் மயங்கினால், காப்பாற்ற இறங்குகிற அடுத்தவரும் அதே வாயுவைத்தான் சுவாசிக்கிறார். இந்த நான்கு வரியைச் சொல்லித் தர பட்டப் படிப்பு வேண்டாம், அரை நாள் போதும். அந்த அரை நாளைத்தான் கான்ட்ராக்டர்கள் மிச்சம் பிடிக்கிறார்கள்.

கான்ட்ராக்ட் என்பது இதில் தனிக் கதை. டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், சட்டையின் நிறம் மாறும், உள்ளே இருக்கும் ஆள் மாறுவதில்லை. பத்து வருடம் ஒரே கட்டடத்தைத் துடைத்த அம்மாவுக்கு எந்தக் குழாய் எங்கே போகிறது என்று இன்ஜினியரைவிட நன்றாகத் தெரியும். ஆனால் கணக்குப்படி அவர் ஒவ்வொரு தடவையும் புது ஆள். வேலையில் கற்றதைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. முன்னறிவு அங்கீகாரம் என்று அதற்குப் பெயர். அது அந்த அம்மாவைச் சூப்பர்வைசர் நாற்காலி வரை கொண்டுபோனால்தான் பயன். உலகச் சங்கத்தின் படிப்பு ஆங்கிலத்திலும் டாலரிலும் இருக்கிறது. அது மேனேஜருக்குச் சரி. மாப் பிடிப்பவருக்கும் மோட்டார் போடுபவருக்கும் தமிழில், அவர்கள் ஷிப்ட் நேரத்தில், சம்பளத்தோடு வகுப்பு வேண்டும்.

அந்த வகுப்பில் கடைசியாக ஒரு பாடம் சேர்க்க வேண்டும்: 'நிறுத்து' என்று சொல்வது. சாதம் புளித்த வாடை அடிக்கிறது என்று முதலில் உணர்பவர் பரிமாறுகிறவர்தான். அவர் கரண்டியைக் கீழே வைத்தால் அடுத்த மாதம் வேலை இருக்குமா? இருக்கும் என்று மேலே உள்ளவர் எழுத்தில் தராதவரை, என்ன பயிற்சி கொடுத்தாலும் அவர் பரிமாறிக்கொண்டேதான் இருப்பார்.

மகளை இந்தப் பக்கம் வேலைக்கு அனுப்பும் பெற்றோர் கட்டில், மின்விசிறி, கேட்டில் வாட்ச்மேன் எல்லாம் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். இன்னும் பத்து நிமிடம் இருக்கலாம். பெண்கள் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டில் 2014-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, உரிமம் வாங்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லலாம். சமையலறையை ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்று வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு, அந்த எண்ணை அங்கேயே அடித்துப் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி தொட்டியின் மேலேயே பெயின்ட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால், அதற்குப் பக்கத்தில் அடுத்த தேதியும் இருக்கிறதா என்று பார்க்கலாம்.